செகரட்டரியும் பிரிகேடியரின் கார்புரேட்டரும்

தும்முவதற்குக்கூட ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும் என்று நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் செகந்திராபாத்துக்கு வடக்கே போலாரத்தில், நான் குடியிருந்த மாடியறைக்கு நேர் கீழே வசித்தார்.

அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் சூட்டியிருக்கக்கூடும். அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. பால்காரருக்கும், தபால்காரருக்கும், அவர் வேலை பார்த்த ரயில்வே அலுவலகத்தின் மேலதிகாரிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் வாசலில் கைகுலுக்கும் போதகருக்கும் அவர் ‘செகரட்டரி’. அவரை மணந்துகொண்ட ஜாய்ஸ் ஆன்ட்டிகூட, “செகரட்டரி, வெந்நீர் ஆறுது” என்றுதான் குரல் கொடுப்பார். எதற்குச் செகரட்டரி என்று வந்த புதிதில் ஒருவரிடம் விசாரித்தேன். “எதுக்கு இல்லேன்னு கேளுங்க, அதுதான் சொல்றது சுலபம்” என்றார் அவர்.

மேற்கே, நகரத்தின் மறுகோடியில், மென்பொருள் நிறுவனங்கள் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. என்னைப் போன்ற தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் ரயில் ரயிலாக வந்திறங்கினோம். வாடகைக்கு அறை கேட்டுச் செகரட்டரியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். வேறு வீடுகளில் ஊர் என்ன, சாதி என்ன என்று கேட்டார்கள். இங்கே என்னை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு, மாடியறைக் குடியிருப்போர் தேர்வுக் குழுவின் கூட்டம் தொடங்கியது. குழுவில் இருவர்: அவர், அவர் மனைவி.

“பையனுக்கு ரூமைக் குடுக்கலாம்னு முன்மொழியிறேன்.”

“எதிர்க்கிறேன்” என்றார் ஜாய்ஸ் ஆன்ட்டி, கையிலிருந்த முருங்கைக்கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. “பேச்சிலர் பையன். நேரங்கெட்ட நேரத்துல வருவான், போவான்.”

“ஒண்ணுக்கு ஒண்ணு. சமம். தலைவர்ங்கிற முறையில என்னோட இன்னொரு ஓட்டு தம்பிக்கு. ரூம் உங்களுது, தம்பி.”

சற்று நேரத்தில் ஆன்ட்டி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தப்பா நெனைச்சுக்காதப்பா. ஒன்னைப் பாத்ததுமே பிடிச்சுப் போச்சு. ஆனா எதிர்க்க ஒரு ஆள் இல்லேன்னா, அவரு நிறுத்தவே மாட்டாரு.”

அந்த வீட்டில் கழித்த ஆண்டுகளில் ஆன்ட்டி ஒரு தீர்மானத்தையேனும் ஆதரித்து நான் கண்டதில்லை. சாம்பாரில் உப்புக் குறைவு என்ற கண்டனத் தீர்மானத்தை எதிர்த்தார். உப்பு சரியாக இருக்கிறது என்ற பாராட்டுத் தீர்மானத்தையும் எதிர்த்தார். ஒருமுறை கொல்லைப்புறத்தில் சாரைப்பாம்பு ஒன்று புகுந்தது. அதை அப்புறப்படுத்துவதா, அது தானாக வெளியேறக் கால அவகாசம் தருவதா என்று விவாதம் நடந்தது. ஆன்ட்டி இரண்டு திருத்தங்களை எதிர்த்து முடிப்பதற்குள் பாம்பு வேலியைத் தாண்டிப் போய்விட்டது. “விவாதப் பொருளே வெளிநடப்புப் பண்ணிட்டதால கூட்டம் ஒத்திவைக்கப்படுது” என்று அறிவித்தார் செகரட்டரி.

இந்த அமைப்பில் எனக்கு வாய்த்த பதவி, ஆமோதிப்பவர். மனைவி எப்போதும் எதிரணியில் இருந்ததால், முன்மொழிந்த தீர்மானங்களை ஆமோதிக்க ஆளின்றி அவர் நெடுங்காலம் தவித்திருக்கிறார். ஆமோதிப்பவர் இல்லாத தீர்மானம் விவாதத்துக்கே வராமல் விழுந்துவிடும் என்பது அவருடைய வேதம். நான் வந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. பல் துலக்கிக்கொண்டிருப்பேன், கீழிருந்து குரல் வரும்: “தம்பி, ஆமோதி!” வாயில் நுரையோடு கையைத் தூக்குவேன். எதற்கு என்று பிறகு தெரிந்துகொள்வேன்.

இதையெல்லாம் வெறும் கிறுக்கு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. குப்பைத்தொட்டியை இடம் மாற்றுவதானால் தெரு கூட்டும் பெண்மணியை அழைத்து, நாற்காலி போட்டு, அவர் கருத்தைக் கேட்காமல் மாற்றமாட்டார். ஒரு முடிவு யாரையெல்லாம் தொடும் என்று நின்று யோசிப்பது, வேகம் ஒன்றையே அறமாகப் போற்றத் தொடங்கியிருந்த அந்த நகரத்தில் அரிதான குணம். கூட்டம் முடிவதற்குள் குப்பை லாரி போய்விடும் என்பது வேறு விஷயம்.

அவர் வாழ்நாளில் மிகவும் பெருமைப்பட்ட தீர்மானம் ஒன்று உண்டு. அவர் செகரட்டரியாக இருந்த, போலாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சங்கத்தின் பழைய மர பெஞ்சுகளை முன்பொரு பொருளாளர் யாரையும் கேட்காமல் காயலான் கடையில் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து: “சங்கத்தின் எந்தப் பழைய பொருளும், அது எவ்வளவு அற்பமானதாக இருப்பினும், பொதுக்குழுவின் அனுமதியின்றி அகற்றப்படலாகாது.” பொதுக்குழுவைக் கூட்டுவதற்கோ மூன்று வாரம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விளைவாக, சங்கத்தின் கொட்டகையில் நரம்பறுந்த பூப்பந்து மட்டைகளும், உயிர்நீத்த டியூப்லைட்டுகளும், அடி இல்லாத பொங்கல் பானையும், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் எலும்புக்கூடும் நித்தியவாழ்வு பெற்றிருந்தன.

கொட்டகை வாசலில் நின்றது பிரிகேடியர்.

பிரிகேடியர் என்பது லாரி. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பெட்ரோல் லாரி. பச்சை நிறம், பின்புறம் சிப்பாய்கள் உட்கார இரு நீளப் பலகைகள், மேலே கித்தான் கூரை. கிறிஸ்துமஸ் கீதம் பாடப் போவது, பொங்கலுக்குக் கரும்பு ஏற்றுவது, வீடு மாறுவோருக்குச் சாமான் சுமப்பது, யாராவது இறந்தால் பந்தல் சாமான் கொண்டுவருவது எல்லாம் அதன் பணிகள். அது பெட்ரோல் குடிக்கும் அளவையும் கக்கும் புகையையும் நினைத்து என் மனசாட்சி அடிக்கடி குறுகுறுக்கும். ஓட்டுநர் ஸ்டீபன் ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏறுவதற்கு முன் பிரிகேடியருக்கு ஒரு சல்யூட் அடிப்பார். இட்ட உத்தரவை எழுத்துப் பிசகாமல் செய்வார், இடாததைச் செய்யமாட்டார்.

பிரிகேடியரின் கார்புரேட்டர் தேய்ந்துபோயிருந்தது. பெட்ரோலையும் காற்றையும் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் அந்தச் சாதனம், பெட்ரோலை எஞ்சினுக்குள் விட்டதைவிடத் தரையில் விட்டதே அதிகம். மாற்றலாம் என்ற தீர்மானம் நிறைவேற ஒரு கோடைக்காலம் பிடித்தது. “குடிகார வண்டிக்குப் புது வாய் ஒண்ணு கேக்குதா?” என்று எதிர்த்தார் ஆன்ட்டி. கடைசியில் ராணிகஞ்ச் உதிரிபாகக் கடையொன்றில் ஏறக்குறைய அதே மாதிரியான புதியதொன்று கிடைத்தது. ஒரு சனிக்கிழமை ஸ்டீபன் அதைப் பொருத்தினார். அன்று மாலையே, ஞாயிறு இரவு முதல் பஸ் ஊழியர்களின் வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது.

வேலைநிறுத்தத்துக்கு நியாயம் இருந்தது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை தார்நாகாவில் ஓப்பன் ஸ்கூல் பத்தாம் வகுப்புத் தேர்வும் இருந்தது. ஜீடிமெட்லாவில் மருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஞாயிறுதோறும் எங்கள் சங்கம் வகுப்பு நடத்திவந்தது. முன்மொழிந்தவர் செகரட்டரி, ஆமோதித்தவன் நான், எதிர்த்துவிட்டு அங்கே சமூக அறிவியல் நடத்தியவர் ஜாய்ஸ் ஆன்ட்டி. நான் கணக்கு. ஒன்பது பெண்கள் தேர்வு எழுத இருந்தார்கள். எட்டுப் பேர் தெலுங்குக்காரர்கள், ஒருவர் போளூர்ப் பக்கத்துச் செல்வி.

ஞாயிறு காலை, பஸ்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோதே ஒன்றைப் பிடித்துச் செல்வி போலாரத்துக்கே வந்துவிட்டார். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் கூலி வேலை அவருக்கு. பத்தாவது தேறியவர்களை நிரந்தர வேலையில் எடுக்கப்போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அந்த ஆண்டோடு அந்த வாய்ப்பு முடிகிறது.

“சார், மொத தபா எழுதப் போவசொல்ல புள்ளைக்கு டைபாய்டு. அடுத்த தபா மாமியா செத்துட்டாங்க. இந்தத் தபா பஸ்ஸா? என் வூட்டுக்காரரு சிரிக்கிறாரு சார். ‘நீ எழுதப் போற அன்னிக்கித்தான் ஊருல எதுனா ஒண்ணு ஆவுது’ன்றாரு.”

நான் வாடகை வேன்களுக்கு அலைந்திருந்தேன். கிடைத்த வேன்களையெல்லாம் ஊழியர்களை அழைத்துவரத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பிடித்துவிட்டிருந்தன. என் நிறுவனமும் எனக்காகக் குளிரூட்டிய வண்டியொன்றை அனுப்புவதாகக் குறுஞ்செய்தி கொடுத்திருந்தது. அதைப் படித்தபோது பெருமிதம் எதுவும் தோன்றவில்லை. ஆட்டோக்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன விதத்திலேயே வரமாட்டார்கள் என்று தெரிந்தது. எஞ்சியிருந்தது பிரிகேடியர்தான்.

செகரட்டரி சட்டைக் கையை மடித்துக்கொண்டார். “தீர்மானம்: நாளைக்குக் காலைல ஒம்பது பேரையும் தார்நாகால எறக்கி விடறோம்.”

“ஆமோதிக்கிறேன்” என்றேன். பிறகு என் வழக்கப்படி விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். “ஆனா சார், இது சங்கத்தோட சொந்த உபயோக வண்டி. வெளியாளுங்களை ஏத்தறது...”

“ஹவ்” என்றார், ஆமாம் என்பதற்கு உள்ளூர் உருதுவில். “சரியான பாயிண்ட். அவங்க ஒம்பது பேரும் இந்த நிமிஷத்துலேருந்து கௌரவ உறுப்பினர்கள்.”

“எதிர்க்கிறேன்” என்றார் ஆன்ட்டி, செல்விக்கு இட்லி வைத்துக்கொண்டே.

ஸ்டீபன் சல்யூட் அடித்து ஏறினார். பிரிகேடியர் உறுமி எழுந்தது, ஓவென்று கத்தியது, பிறகு குரல் இறங்கி, இருமி, ‘டொப்’ என்று பின்வாக்கில் வெடித்து நின்றுபோனது. மறுபடி, மறுபடி, அதே கதை.

“ஸ்டார்ட் ஆவுது சார். தொடர்ந்து ஓடத்தான் மாட்டேங்குது” என்றார் ஸ்டீபன்.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். செகரட்டரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நக்கோ தம்பி, வேணாம்! தீர்மானம் இல்லாம ஒரு ஸ்க்ரூ திரும்பக் கூடாது. நீ ஒண்ணைத் திருப்புவ, ஸ்டீபன் ஒண்ணைத் திருப்புவான், எது எதைக் கெடுத்துச்சுன்னு கடைசில தெரியாது. ஒரு சமயத்துல ஒரு மாத்தம். கேட்டு, பாத்து, அப்புறந்தான் அடுத்தது.”

சிரிக்க வேண்டாம். ஆய்வுக்கூடங்களில் பின்பற்றப்படும் முறையும் இதுவேதான். அவர் அதற்குத் துணைக்குழுக்களையும் சேர்த்துக்கொண்டார் என்பது மட்டும்தான் வேறுபாடு. கார்புரேட்டருக்குள் போவது இரண்டு பொருள்கள் என்பதால், பெட்ரோல் துணைக்குழு, காற்றுத் துணைக்குழு என இரண்டு அமைத்தார். பெட்ரோலுக்கு ஆன்ட்டி, காற்றுக்கு நான். ஸ்டீபன் இரண்டுக்கும் கைகால்.

பெட்ரோல் துணைக்குழு முறையாகப் பணியாற்றியது. குழாயைக் கழற்றிப் பெட்ரோல் தடையின்றி வருவதைக் காட்டியது. வடிகட்டியைக் கழுவியது. மூடியைத் திறந்து, உள்ளே மிதவை உரிய உயரத்தில் நிற்பதை உறுதிப்படுத்தியது. “என் பக்கம் குத்தமில்லை. பிரச்சினை காத்துலதான்” என்று அறிக்கை தந்தார் ஆன்ட்டி.

“காற்று எல்லா இடத்துலயும் ஒண்ணுதானே ஆன்ட்டி?”

“ஒன் துறைய நீ பாரு.”

எஞ்சின் அணைந்துவிடாமலிருக்க வேகத் திருகைச் சற்று ஏற்றிவைத்துக்கொண்டு, காற்றுத் துணைக்குழு கலவைத் திருகில் இறங்கியது. எஞ்சின் நிதானமாக ஓடும்போது பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் சிறிய திருகு அது. கால் சுற்று இடப்புறம்: முன்மொழியப்பட்டு, ஆமோதிக்கப்பட்டு, எதிர்க்கப்பட்டு, நிறைவேறியது. மாற்றமில்லை. கால் சுற்று வலப்புறம். மாற்றமில்லை. முழுக்கவே மூடினோம். அந்தத் திருகை மூடினால் எஞ்சின் அடங்கி நின்றாக வேண்டும். பிரிகேடியரோ, எங்கள் தீர்மானங்களைச் சட்டை செய்யாமல், அதுபாட்டுக்கு ஏறியும் இறங்கியும் உறுமிக்கொண்டிருந்தது.

வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற சுபேதார், “தூக்கிப் போட்டுட்டுப் பழசையே மாட்டுங்கய்யா!” என்றார்.

“வெளியாளுக்குப் பேச்சுரிமை உண்டு, ஓட்டுரிமை கிடையாது” என்றார் செகரட்டரி.

வெயில் ஏறி, தாழ்ந்தும்விட்டது. செல்வி தண்ணீர் டிரம்மின்மேல் உட்கார்ந்து இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ‘டொப்’ ஓசைக்கும் அவருடைய பென்சில் நின்று, பிறகு நகர்ந்தது. ஒருதரம் தலையை நிமிர்த்தி, “நடந்தே போய்ட முடியுமா சார்? இப்பவே கெளம்பினா?” என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

செகரட்டரி குறுக்கிட்டார். “ஒருத்தரும் நடக்க வேணாம். அடுத்த தீர்மானம். காத்துத் துறை, என்ன சொல்றீங்க?”

“ஸ்டீபன் அண்ணா, சோக்கைப் பாதி இழுத்துப் பிடிங்க.”

சோக்கை இழுத்தால் மேலிருந்து உள்ளே போகும் காற்று குறையும். ஸ்டீபன் இழுத்தார். பிரிகேடியர் சாந்தமாயிற்று. விட்டதும் மறுபடி கூச்சல்.

“சார், மூக்கைப் பொத்தினாத்தான் ஒழுங்கா மூச்சு விடுது. அப்படின்னா காத்து அதிகமா இருக்கு. நம்ம கணக்குல வராத காத்து வேற எங்கேயோ புகுந்து வருது.”

“கைக்கு? ஏன் வருது? எங்கேருந்து வருது? ஆதாரம்?”

ஆன்ட்டி உள்ளே போனார். தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின்மேல் குனிந்து, கார்புரேட்டர் எஞ்சினோடு பொருந்தும் விளிம்பைச் சுற்றி, கல்யாண வீட்டில் நெய் பரிமாறுவது போல ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். பின்பக்க மூலையில் ஒரு சொட்டு விழுந்ததும் எண்ணெய் உள்ளே இழுபட்டு மறைந்தது. எஞ்சினின் குரல் சட்டென்று மாறியது. எண்ணெய் வற்றியதும் பழைய கூச்சல். மறுபடி சொட்டு; மறுபடி அமைதி.

“இந்தா ஆதாரம்” என்றார் எதிர்க்கட்சி.

எஞ்சினை நிறுத்தி, சூடு தணியவிட்டு, நட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டரைத் தூக்கினார் ஸ்டீபன். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே காற்றுப் புகாமலிருக்க வைக்கும் அட்டைத் துண்டை கேஸ்கட் என்பார்கள். அங்கே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. புதியதற்கு அடியில், கருகி, இறுகி, ஒரு மூலை பிய்ந்துபோன பழையதும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மேடுபள்ளத்தின்மேல் புதியது எப்படிப் படியும்? பிய்ந்த மூலை வழியாகக் காற்று தாராளமாக உள்ளே போய்வந்திருக்கிறது.

“ஸ்டீபன்! பழசை ஏன் எடுக்கல?”

ஸ்டீபன் விறைப்பாக நின்றார். “சங்கத்தோட பழைய பொருள் எதையும் எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் சார். எவ்ளோ அற்பமா இருந்தாலும். பழைய கார்புரேட்டரக் கொட்டாயில வெச்சுட்டேன். இது ஒட்டிக்கினு இருந்துச்சு. சொரண்டினா பிஞ்சுடும். பிஞ்சா அகற்றினதாத்தானே அர்த்தம் சார்?”

உலகத்தில் எத்தனையோ லாரிகள் எத்தனையோ காரணங்களால் பழுதாகியிருக்கும். ஒரு தீர்மானத்தால் பழுதான லாரி பிரிகேடியர் ஒன்றுதான் என்று துணிந்து கூறுவேன்.

எல்லோரும் செகரட்டரியைப் பார்த்தோம். அவர் வாழ்நாளின் தலைசிறந்த தீர்மானம், கருகிய அட்டையாக, எஞ்சினில் ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தது.

“பொதுக்குழுவக் கூட்டணும்னா மூணு வாரம்” என்றார் ஆன்ட்டி. முதல்முறையாக அந்தக் குரலில் வெற்றி இல்லை.

“சார், கேஸ்கட்டைத் தனிப் பொருளா எடுத்துக்காம, கார்புரேட்டரோட ஓர் அங்கமா வியாக்கியானம் பண்ணினா...” என்று தொடங்கினேன்.

“வியாக்கியானம் நக்கோ, தம்பி. பொருள்னா பொருள்தான்.”

டிரம்மின்மேலிருந்து செல்வி இறங்கினார். புத்தகத்தை முந்தானையில் சுற்றினார். “பரவால்ல சார். நீங்க ரொம்பப் பண்ணிட்டீங்க” என்றார். அந்த ‘பரவால்ல’வை அவர் பலமுறை சொல்லிப் பழகியிருந்தார் என்பது கேட்டவுடனே தெரிந்தது.

செகரட்டரி வீட்டுக்குள் போனார். முகச்சவரம் செய்யும் பிளேடு ஒன்றோடு திரும்பி வந்தார். பம்பரின்மேல் ஏறி எஞ்சினுக்குள் குனிந்தார்.

“முன்மொழிவு என்ன சார்?” என்று கேட்டபடி நான் வழக்கம்போல் கையைத் தூக்கினேன்.

“கையக் கீழ போடு.”

சுரண்டினார். கருகிய துணுக்குகள் உள்ளே விழாமல் துவாரத்தில் துணி அடைத்துக்கொண்டு, ஓரம் ஓரமாக, வியர்வை மூக்கு நுனியில் நின்று சொட்ட, ஒரு வார்த்தை பேசாமல் சுரண்டினார். அவர் பேசாமல் செய்த ஒரே காரியம் அதுதான். ஸ்டீபன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். உலோகம் பளபளத்ததும் துணியை எடுத்து, புதிய கேஸ்கட்டை மட்டும் வைத்து, கார்புரேட்டரை உட்கார்த்தி, எதிரெதிர் நட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம்.

பிரிகேடியர் ஒரே முயற்சியில் எழுந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை. இப்போது கலவைத் திருகு சொன்னபடி கேட்டது: மூடினால் தவித்தது, திறந்தால் தெளிந்தது. எங்கே மிகத் தெளிவாக ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, வேகத் திருகையும் சற்றே தணித்தோம். யாரும் ஆமோதிக்கவில்லை, யாரும் எதிர்க்கவும் இல்லை. ஆன்ட்டி ஒரு தடவை வாயைத் திறந்தார். கணவரின் கரிபடிந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் ஜீடிமெட்லாவில், முந்தின மாலையே கடைசி பஸ்ஸில் வீடு திரும்பியிருந்த செல்வி உட்பட, ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு தார்நாகாவுக்குக் கிளம்பினோம். என் நிறுவனத்தின் குளிரூட்டிய வண்டி எனக்காக எங்கோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருக்கும். பஸ் இல்லாத சாலையில் நகரமே சொந்த வாகனத்தில் இறங்கியிருந்ததால், வழியில் நெரிசலில் மாட்டினோம். வெயில் சூட்டில் பிரிகேடியரின் குரல் தாழத் தொடங்கியது. நடுச்சாலையில் நின்றே போனது. பின்னாலிருந்து ஹாரன்களின் கச்சேரி. செகரட்டரி கீழே குதித்து, பானெட்டைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கை திருகுக்குமேல் நின்றது. பழக்கம் விடவில்லை. தலையைத் தூக்கி, “வேகத்துக்குக் கால் சுத்து கூட்டணும்...” என்றார், யாரிடமோ அனுமதி கேட்பது போல.

கித்தானுக்குள்ளிருந்து ஒன்பது குரல்கள், எட்டு தெலுங்கு வாடையில், ஒன்று போளூர் வாடையில், ஒன்றாக எழுந்தன: “ஆமோதிக்கிறோம்!”

கால் சுற்று. பிரிகேடியர் எழுந்தது. தார்நாகாப் பள்ளியின் கதவை மூடக் காவலாளி கையை வைத்த நேரத்தில் நாங்கள் போய் நின்றோம். செல்வி எல்லோருக்கும் முன்னால் ஓடினார், வாசலில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, எடுக்கத் திரும்பவில்லை. செகரட்டரி அதை எடுத்துத் தூசு தட்டி, தேர்வு முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டு பிரிகேடியரின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

முடிவுகள் வந்த பிறகு சங்கத்தின் பொதுக்குழு கூடியது. மூன்று வார அறிவிப்போடு, முறைப்படி. செல்வி கௌரவ உறுப்பினர் என்ற உரிமையில் லட்டு டப்பாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கணக்கில் தப்பிப் பிழைத்திருந்தார். சமூக அறிவியலில், அதுவும் மக்களாட்சி பற்றிய பகுதியில், ஆன்ட்டியே மலைக்கும்படி வாங்கியிருந்தார்.

செகரட்டரி எழுந்தார். அன்று சலவைச் சட்டை.

“தீர்மானம்: சங்கத்தின் பழைய பொருளான கேஸ்கட் ஒன்றை, பொதுக்குழுவின் அனுமதியின்றி அகற்றியமைக்காக, சங்கத்தின் செகரட்டரியை இப்பொதுக்குழு வன்மையாகக் கண்டிக்கிறது. முன்மொழிபவர், செகரட்டரி.”

அவர் விளையாடவில்லை. அந்த விதியை அவரே மீறியிருந்தார். அதற்குரிய கண்டனம் வந்தேயாக வேண்டும் என்று உளமார நம்பினார்.

“எதிர்க்கிறேன்!” என்றார் ஜாய்ஸ் ஆன்ட்டி. கூரையைத் தாண்டியிருக்கும் அந்தக் குரல்.

“ஆமோதிக்காத தீர்மானத்த எதிர்க்க முடியாது, மெம்பர். உக்காருங்க. யாராவது ஆமோதிங்க.” சுற்றிப் பார்த்தார். “ஸ்டீபன்?”

“ஆர்டரா சார்?”

“ஆர்டர் இல்ல. ஒன் மனசாட்சி.”

“அப்ப மாட்டேன் சார்.”

“செல்வியம்மா, நீங்களாவது. நீங்க சிவிக்ஸ் படிச்சவங்க.”

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியலீங்க சார்” என்றார் செல்வி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், லட்டு டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டு.

கடைசியாக என் பக்கம் திரும்பினார். அவருடைய நிரந்தர ஆமோதிப்பாளன் அல்லவா நான்! “தம்பி” என்றார். “ஆமோதி.”

அந்தக் குரல் கேட்டதும் தானாக எழுந்து பழகிய கை. அதைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் என் முழு எடையையும் இறக்கி, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும்.

செகரட்டரி வெகுநேரம் காத்திருந்தார். பிறகு, “ஆமோதிப்பவர் இல்லாததால் தீர்மானம் விழுந்தது” என்று அறிவித்தார். சொல்லி முடித்ததும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கண்ணாடி அப்போது அவர் முகத்தில்தான் இருந்தது.

பிறகு எத்தனையோ தேர்தல்களில் வரிசையில் நின்று வாக்களித்திருக்கிறேன். ஆனால் அன்று மாலை, என் வலது கை மரத்துப்போகும்வரை உட்கார்ந்து நான் போட்ட அந்த வாக்கைப்போல் முழுமனதோடு வேறெதையும் போட்டதில்லை.